விளக்குப் பெட்டியை உடைத்தது நான்தான்

என் வயது எழுபத்திரண்டு. கணவர் காலமாகிவிட்டார். மேற்கண்ட விலாசத்தில் என் மகன் வீட்டின் கீழ் அறையில் வசிக்கிறேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள் என்பதால், நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதும்படி காவலரைக் கேட்டுக்கொண்டேன். மாடி அறையில் என் மருமகளின் தாயார், அதாவது என் சம்பந்தியம்மாள், வசிக்கிறார்.

சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் கழுவிவிட்ட படியில் நாங்கள் இருவரும் சேர்ந்து விழுந்தோம். யார் யாரை இழுத்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அவருக்கு வலது முன்கை எலும்பின் மணிக்கட்டு முனையும், எனக்கு வலது கட்டைவிரலுக்குக் கீழே முந்திரிப்பருப்பு போன்ற சிறு எலும்பும் முறிந்தன. ஒரே டாக்டர், ஒரே நாளில், இருவருக்கும் மாவுக்கட்டுப் போட்டார்.

ஆறு வாரத்தில் அவருக்குக் கட்டைப் பிரித்தார்கள். எனக்கு மூன்று மாதம் என்றார்கள். அன்று மாலையே அவர் இறுக்கமான பாட்டில் மூடி ஒன்றை என் எதிரில் திறந்தார். என் மகன், "அத்தை கை எவ்வளவு சீக்கிரம் கூடிடுச்சு பாரேன்ம்மா" என்றான். அவன் என் கையைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளித் தண்ணீரில் கையை ஊறவைத்து, கத்தரியால் என் கட்டை நானே வெட்டி எடுத்தேன். அவர் செய்த எல்லா வேலையும் நானும் செய்தேன். துணி பிழிந்தேன். வலித்தது, சொல்லவில்லை. தரையில் கிடந்த மாவுத்தூளைச் சம்பந்தியம்மாள் பெருக்கி எடுத்தார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. கட்டு ஊறித் தானாகக் கழன்றது என்று மகனிடம் கூறினேன்.

வீக்கம் கண்டதால் நேற்று முன்தினம் மகன் எங்கள் இருவரையும் டாக்டரிடம் அழைத்துச் சென்றான். டாக்டர் புதுப் படம் எடுத்து, எனக்கு மறுபடி கட்டுப்போட்டு, இருவரின் எக்ஸ்ரே படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். சம்பந்தியம்மாள் படத்தில் முறிந்த கோடே இல்லை. என் படத்தில் கோடு கறுப்பாக இருந்தது. படம் மாறியிருக்கும் என்றேன்.

டாக்டர் சொன்னார்: "மாறலைம்மா. அவங்களுக்கு உடைஞ்ச இடத்துல நல்ல ரத்த ஓட்டம். உங்க எலும்புக்கு முக்கால்வாசி ரத்தம் விரல் பக்கத்துலேருந்துதான் போகுது. நடுவுல முறிஞ்சதால பின்பாதி பட்டினி கிடக்குது. புது ரத்தக்குழாய் நூல் மாதிரி அந்தப் பக்கம் போய்ச் சேரணும். கை அசைஞ்சா அறுந்துடும். அதுக்குத்தான் மூணு மாசம்னேன்."

இனி முன்கையிலிருந்து ரத்தக்குழாயோடு ஒரு துண்டு எலும்பை எடுத்து வைத்துத் தைக்க வேண்டும் என்றும், அதைத் தானே செய்வதாகவும் சொன்னார். அதன் பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

நான் இடது கையிலிருந்த குடையால் சம்பந்தியம்மாளின் படத்தை அடித்தேன். பெட்டியின் கண்ணாடி உடைந்தது. பொறுக்க வந்த கம்பவுண்டரின் விரலில் கீறியது. "என் கை பட்டுடுச்சுப்பா" என்று சம்பந்தியம்மாள் அவரிடம் சொன்னார். வெளியே வரும்போது என்னிடம், "உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போறவர் இந்த டாக்டர்தான் சம்பந்தி. அவர்கிட்ட போய் எதுக்குப் பொல்லாப்பு? பேசாம வாங்க" என்றார். கம்பவுண்டர் கொடுத்த புகாருக்கு, தன் கை பட்டதாகவே நேற்று இந்தக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அது பொய். கை கூடியதும் அவருக்கு, மகனின் பாராட்டும் அவருக்கு. என் குற்றத்தையும் அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. டாக்டர் என் கையைத் தொட மாட்டேன் என்றாலும் சரி.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் நான் சொன்னபடியே, உண்மையாகவே உள்ளது. வலது கையில் கட்டு இருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். இடது கையாலேயே கையெழுத்திட்டிருக்கிறேன். தாள் நகராமல் சம்பந்தியம்மாள் தன் வலது கையால் பிடித்துக்கொண்டார்.