ஆறு பாட்டையும் கேட்டவன்

கம்பெனி கேட்டில் செல்போன் வாங்கி வைக்கிற வேலை, பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். அப்படி இல்லை. கேமரா வைத்த போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஷிப்டுக்கு இருநூறு பேர் வருவார்கள். இருநூறு போனையும் வாங்கி, இருநூறு பொந்து வைத்த மர அலமாரியில் போட்டு, பித்தளை டோக்கன் கொடுக்க வேண்டும். ஒன்று மாறினாலும் என் தலைதான் உருளும். ஒன்பது வருஷத்தில் ஒரு போன் மாறியதில்லை. வரதராஜுலு கேட்டில் இருந்தால் போன் பத்திரம் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். இதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எனக்கு எவன் மேலும் நம்பிக்கை கிடையாது. என் பெஞ்சாதி பெருந்தேவி உப்பு போட்டேன் என்று சொன்னாலும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அப்படி இருந்ததால்தான் இந்த வயசு வரைக்கும் ஒருத்தனும் என்னை ஏமாற்றவில்லை. ஒரகடத்தில் வேலைக்கு வருகிற பையன்களில் முக்கால்வாசி தெற்கத்திப் பிள்ளைகள். ஒரு ரூமில் ஆறு பேர் படுத்துக்கொண்டு, கேட்டால் அண்ணன் தம்பி என்பான்கள். விசாரித்தால் ஆறு பேரும் ஆறு ஊர்.

அதில் ஒரு கும்பல் சனிக்கிழமையானால் ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து போனை வாங்கிக்கொண்டு, எதிரே கங்கம்மாள் டீக்கடையில் உட்காரும். கம்பெனி பஸ் கிளம்ப ரெண்டு நாற்பது ஆகும். அதுவரைக்கும் பாட்டு பற்றிப் பேச்சு. சுடலை என்று தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஒருத்தன், திருநெல்வேலிப் பக்கம். அவன்தான் தலைவன் மாதிரி. அவனுக்குச் சிநேகிதன் ஏசுவடியான். அசெம்பிளி லைனில் இருந்து தங்கமாரி என்று ஒரு பெண். வாராவாரம் ஒருத்தர் ஒரு படத்துப் பாட்டு முழுசையும் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்த வாரம் அதைத்தான் கேட்க வேண்டும்.

சும்மா கொடுப்பார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். இனாமாக எவன் எவனுக்கு எதைக் கொடுப்பான்? யூனியன் வேலையாக இருக்கும் என்று நினைத்து, டியூட்டி முடிந்த பிறகு நானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். மூன்று மாதம் உட்கார்ந்தேன். யூனியன் பேச்சு ஒரு வார்த்தை வரவில்லை. இப்படித்தான் பேசுவார்கள்.

"ஏல, ரெண்டாவது பாட்டுல பல்லவி முடிஞ்ச பொறவு ஒரு புல்லாங்குழல் வருதே, கேட்டியா? கரண்டு போயி திரும்ப வந்தாப்புல இருந்திச்சு."

"அது புல்லாங்குழல் இல்லல சுடலை. கீபோர்டு," என்பான் ஏசுவடியான்.

"கீபோர்டா இருந்தா என்ன? ஒனக்குக் கண்ணு கலங்கிச்சா இல்லியா?"

"எனக்கு பஸ்ல தூசி விழுந்து கலங்கிச்சு."

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கண்ணே," என்பாள் தங்கமாரி. "மூணு தடவ கேட்டுட்டு வாங்க. ஒரு தடவ கேட்டுட்டு மார்க்கு போட்டா செல்லாது."

அவர்களுக்குச் சட்டம் இருந்தது. பாட்டை வரிசையாகக் கேட்க வேண்டும், தாண்டக் கூடாது. நடுவில் நின்றால் முதலிலிருந்து கேட்க வேண்டும். முழுசாகக் கேட்காதவன் வாயைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டம் நான் போட்டது இல்லை. சுடலை போட்டது. இதையும் எழுதிக்கொள்ளவும்.

ஒரு சனிக்கிழமை கப்பல் படம் வந்தது. சி.டி. அட்டையில் கப்பல் போட்டிருந்ததால் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தக் கப்பல் படத்துல ஒரு பாட்டும் தேறாது" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சுடலை திரும்பினான். "முழுசாக் கேட்டியளா பெரியவரே?"

"முழுசாக் கேக்கணுமா இன்னா? ஒண்ணு ரெண்டு காதுல வுழுந்துச்சு. போதாதா?"

"அப்போ நம்ம சூப்பர்வைசர் மாதிரிதான். மெசினப் பாக்காமலே ரிப்போர்ட் எழுதுவாரு." எல்லாரும் சிரித்தார்கள். கங்கம்மாளும் சிரித்தாள், டீ பாய்லரைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு சுடலையே, "கோவிச்சுக்கிடாதிய. எம் போனு ஒங்ககிட்டதான கெடக்கு, ஹெட்செட்டும் அதுலதான் இருக்கு. ஒரு நா ஆறு பாட்டையும் கேட்டுட்டு வந்து பேசுங்க. ஒங்களுக்கும் மார்க்கு போட ஒரு எடம் தாறோம்" என்றான்.

எனக்குக் கோபம் இல்லை. அவன் அனுமதி கொடுத்தான், நான் எடுத்துக்கொண்டேன். நான் ஸ்டேஷனுக்கு வந்த பிறகு, திருடினேன் என்று ஏசுவடியான் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். நாலு பேர் சாட்சி இருக்கிறார்கள்.

புதன்கிழமை மழை. ஆறு மணி ஷிப்டு உள்ளே போய், லாரிகளும் ஓய்ந்து, ஒன்பதே முக்காலுக்கு எண்பத்தாறாம் பொந்தில் இருந்து சுடலை போனை எடுத்தேன். சைனா செட்டு. பாட்டு போடுகிற இடம் தெரியும், பையன்கள் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னொரு வாட்ச்மேன் பெருமாள்சாமி ஐம்பது அடி தள்ளி வண்டி கேட்டில் இருந்தான். கேபினில் நான் மட்டும்தான். பெருமாள்சாமிதான் கேபினில் இருந்தான் என்று கம்பெனியில் நடந்த முதல் விசாரணையில் நான் சொன்னது தப்பு. அவன் வேலை போனதும் அதனால்தான்.

முதல் பாட்டு முடிந்து ரெண்டாவது பாட்டில் ஒரு புல்லாங்குழல் வருகிற நேரம், பாட்டு நின்று மணி அடித்தது. ஏதோ போன். பேர் இங்கிலீஷில் இருந்தது. கட் பண்ணினேன். பாட்டு விட்ட இடத்திலிருந்து தானே ஓடியது. ஆனால் சட்டம் சட்டம்தான். முதலிலிருந்து போட்டேன்.

திரும்பவும் வந்தது. கட் பண்ணி, முதலிலிருந்து போட்டேன்.

ஆறு தடவை இப்படி. மூன்றாவது பாட்டைத் தாண்ட விடவில்லை. ஒரு நன்மையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. முதல் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டதால், அடியில் ஒரு உடுக்கை சன்னமாக ஓடுவது ஐந்தாவது தடவை காதில் பட்டது. சுடலைகூட அதைச் சொன்னதில்லை. அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

கேட்டில் ஒரு விதி உண்டு. ஒரே போன் மூன்று தடவைக்கு மேல் அடித்தால் எடுத்து, யார் என்று கேட்டு, இன்டர்காமில் உள்ளே சொல்ல வேண்டும். அது தெரியுமா என்று ஐயா கேட்டார். தெரியும். புது வாட்ச்மேன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

பிறகு ஏரோப்ளேன் படம் போட்ட பொத்தானை அமுக்கிவிட்டேன். அதை அமுக்கினால் போன் வராது, பாட்டு மட்டும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குக் கூப்பிடுவார்கள் என்று தங்கமாரி அப்படித்தான் செய்வாள். அதற்கப்புறம் தொந்தரவில்லை. முழுசாகக் கேட்டேன். மூன்று தடவை கேட்டால்தான் மார்க்கு செல்லும் என்பதால் மூன்று தடவை கேட்டேன். வெளியே மழை, உள்ளே பாட்டு. நாலாவது பாட்டில் எனக்கே கண் கலங்கியது. கல்லு என்று பேர் வாங்கினவன் நான்.

பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. வந்த போன்களின் வரிசையை அழித்துவிட்டு, ஹெட்செட் வயரைச் சுற்றி, எண்பத்தாறில் வைத்தேன். வாங்கின பொருளைச் சுத்தமாகத் திருப்பி வைப்பது என் பழக்கம்.

ரெண்டு மணிக்குச் சுடலை வந்து டோக்கனைக் கொடுத்து போனை வாங்கிப் பார்த்தான். "ஒண்ணும் வரலியே. நல்லாத்தான் இருக்கா போல" என்று அவனாகவே சொல்லிக்கொண்டான். எனக்கு அன்றைக்கு அவனிடம் உடுக்கையைப் பற்றிச் சொல்ல ஆசை. சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்வதுதான் முறை என்று அடக்கிக்கொண்டேன்.

படப்பையில் புது மனைப் பிரிவில் அவன் ரூம். பெஞ்சாதி கனகத்துக்கு எட்டாவது மாதம். அடுத்த வாரம் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புவதாக இருந்தானாம். அன்றைக்குக் காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறாள். அந்த வரிசையில் இருக்கிற எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள், பகலில் ஈ காக்கா இருக்காது. சுடலை மூன்றரைக்குப் போய்ப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம். அவள் போனில் அவன் நம்பருக்கு அடித்தது வரிசையாக இருந்ததாம். பத்து, பதினோரு மணிக்குக் கொண்டு வந்திருந்தால் ரெண்டு உயிரும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் கிடையாது. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. நான் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். மூன்றாவது வாரம் ஏசுவடியானும் தங்கமாரியும் மட்டும் வந்தார்கள். பெருமாள்சாமியை அதற்குள் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள்.

"போனுல கடேசிப் பாட்டு முடிஞ்சு நின்னிருக்கு அண்ணே," என்றாள் தங்கமாரி. "சுடலை அண்ணன் சொன்னாவ. கனகம் அக்கா போன் அடிச்சுக்கிட்டு கெடந்திருக்கா, இவன் உக்காந்து ஆறு பாட்டையும் கேட்டிருக்கான், பாவி."

"எங்கள்ல ஒருத்தரும் அந்தப் படத்த முழுசாக் கேக்கலியே," என்றான் ஏசுவடியான். "நானே அஞ்சாவதுல தூங்கிட்டேன். கேட்ட ஒரே ஆளு பெருமாள்சாமிதான்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பெருமாள்சாமி! கோயில் மேளத்துக்கும் லாரி ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவன் காதில் உடுக்கை விழுமா? பாவி என்று அவனைச் சொன்னது போகட்டும். ஆறு பாட்டையும் கேட்டவன் என்று அவனைச் சொன்னதை எப்படிப் பொறுப்பது? திங்கட்கிழமை காலையில் நானாகவேதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

என் மார்க்கு பத்துக்கு ஏழரை. ஐந்தாவது பாட்டு நீளம் அதிகம், அதற்குத்தான் குறைத்தேன். சுடலையிடம் யாராவது சொல்லவும். அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்கிறார்கள்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஐயா படித்துவிட்டு, போன் கம்பெனியில் இருந்து வந்த காகிதத்தைக் காட்டினார். கனகம் அடித்தது ஏழு போன். ஆறு கட் ஆகியிருக்கிறது. ஏழாவதை யாரோ எடுத்து நாற்பது விநாடி பேசியிருக்கிறார்கள். திரும்ப எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

ஏரோப்ளேன் பொத்தான் என்று மேலே எழுதியது பொய். அது அந்த போனில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏழாவது போனை நான் எடுத்தேன்.

"யாரும்மா? இன்னா வோணும்? சும்மா சும்மா அடிச்சிகினே கீற?"

"தாத்தா, நான் சுடலை வீட்டுல பேசுதேன். வழுக்கி விழுந்துட்டேன். ரத்தமாப் போவுது. அவுகள ஒடனே வரச் சொல்லுங்க. இங்க யாரும் இல்ல. நான் வேற யாரயாவது கூப்பிடட்டா?"

"யாரயும் கூப்புடாத. தோ, உள்ள சொல்லி அனுப்பறேன். வந்துடுவான். நீ அலட்டிக்காம படு. திரும்பத் திரும்பப் போன் பண்ணாத."

"சரி தாத்தா," என்றாள். அதற்கப்புறம் பண்ணவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற பெண்.

இன்டர்காம் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. பாட்டு மூன்று தடவையும் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.