வசனம் மறந்தவனின் வாக்குமூலம்

அவையை அழகுசெய்யும் மன்றத் தலைவர் அவர்களே! ஆறு வாரம் என் மறதியைப் பொறுத்தருளிய இயக்குநர் ஐயா அவர்களே! வேலைக் களைப்போடு வந்து விழித்திருந்து பார்த்த பெரியோர்களே! மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டே எங்களுக்காகக் கண்கலங்கிய தாய்மார்களே! கடைசி வரிசையில் கைதட்டைத் தொடங்கிவைத்த தோழர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நாடகம் நல்லபடியாக முடிந்தது. நாலு வார்த்தை நன்றி சொல்ல என்னை அழைத்தார்கள். நன்றிக்கு முன்னால் ஓர் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலை ஒப்பனை அறையில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயருக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி. பக்கத்தில், 'ஞாபக மறதி'. பார்த்தேன், பதறினேன்.

நான் யார்? தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். நாளுக்கு நூறு கதவு தட்டுகிறேன். நூறு கதவும் திறக்கின்றன. "மீட்டர் பின்னால இருக்கு" என்று நூறு குரல் சொல்கின்றன. முகத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? இதோ, முன்வரிசையில் ஓர் அண்ணன் தலையைக் குனிகிறார். அண்ணே, உங்கள் வீட்டு நாய்க்கு என்னை நன்றாகவே தெரியும்! சிரியுங்கள், சிரியுங்கள்.

என் மனைவி மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. இந்த மன்றத்துக்கும் மீட்டர் பார்க்கத்தான் வந்தேன். இயக்குநர் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "புருஷன் வேஷத்துக்கு ஆள் வரல. நாலே வரிதான். நிக்கிறீங்களா?" என்றார். நின்றேன்.

காட்சி இதுதான். கணவன் வேலை முடிந்து வருகிறான். மனைவி நாற்காலியை விட்டு எழுந்து, "ஏன் இவ்வளவு நேரம்? வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்கிறாள். "பஸ்ஸை விட்டுட்டேன்" என்று அவன் சொல்லவேண்டும். மனைவியாக நடித்தவர் நம் தையல்கடைத் தங்கை. முதல் ஒத்திகையில் அவர் அப்படிக் கேட்டதும் வாயடைத்து நின்றேன். வரி தெரியாமலா நின்றேன்? என் வரவை ஒருவர் கவனித்துக் கேட்டு மூன்று ஆண்டாயிற்றே, ஐயா!

"வாசல்லேருந்து மறுபடி!" என்று கத்தினார் இயக்குநர். வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். மறுபடியும் அதே கேள்வி, அதே கனிவு. அப்போதுதான் என் மனம் ஒரு திருட்டைக் கற்றுக்கொண்டது. மறந்தால் மறுபடி கேட்பார்கள்! மறந்தேன். மறுநாளும் மறந்தேன். ஒரே மாலையில் ஏழு முறை மறந்தேன்!

மேடையில் மனைவியாக நின்றவர், கீழே இறங்கியதும், "அண்ணே, தினம் நாலு பாதாம் ஊறவெச்சு சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். தங்கையே, நாளெல்லாம் மிஷின் மிதித்த காலோடு நீங்கள் ஏழு முறை எழுந்து நின்றீர்கள். அதற்கு உங்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

இயக்குநர் ஐயாவுக்குப் பொறுமை போயிற்று. "நாளைக்கும் மறந்தீங்கன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார். வீட்டுக்குப் போனேன். பூட்டைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன். கூடத்தின் நடுவில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன், "பஸ்ஸை விட்டுட்டேன்!" யாரும் கேட்கவில்லை, நான் பதில் சொல்கிறேன். அந்த நிமிடத்தின் தனிமையை எந்தச் சொல்லால் உங்களுக்குச் சொல்வேன்?

மறுநாள் சரியாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அன்று ஒரே ஒரு முறைதானே கேட்டார்!

அன்பர்களே! தாமதம் என்றால் என்ன? காத்திருக்க ஆளுள்ளவனுக்குத்தான் தாமதம்! எனக்கு ஏது தாமதம்? ஆறு மணிக்குப் போனாலும் அதே பூட்டு. எட்டு மணிக்குப் போனாலும் அதே பூட்டு. போகாமலே இருந்தாலும் அதே பூட்டு! வீட்டில் கடிந்துகொள்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் அண்ணன்மார்களே, அந்தக் கடிதலுக்காக ஒருவன் கலைஞனாக வேடமிட்டான், கள்ளனாகவும் ஆனான்!

என்ன தம்பி, மணியைக் காட்டுகிறீர்களா? முடித்துவிடுகிறேன்.

தலைவர் அவர்களே, உள்ளதைச் சொல்லிவிட்டேன். என் நினைவுக்கு ஒரு குறையும் இல்லை. திருட்டுக்காக நீக்கினால் தலைவணங்கி ஏற்கிறேன், மறதிக்காக நீக்கவேண்டாம். அரசன் வேடம் கேட்கவில்லை, அமைச்சன் வேடம் கேட்கவில்லை. எந்த நாடகமானாலும், வீடு திரும்புகிற ஒருவனாக ஒரே ஒரு காட்சி கொடுங்கள். உள்ளே ஒருவர் காத்திருக்கட்டும். எனக்கு வசனமே வேண்டாம், ஐயா.

இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார நன்றி. வணக்கம்.