சும்மா இருந்தவர்களின் ஓட்டு

மார்லிஸ்: என்ன டுவெய்ன், மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்றே? நம்ம சங்கம் தப்பிச்சுதா இல்லியா?

டுவெய்ன்: போச்சு மார்லிஸ். சங்கம் தொடரணுமான்னு போட்ட ஓட்டை எண்ணி முடிச்சுட்டாங்க.

மார்லிஸ்: போச்சா! மாவட்ட ரோட்டுல பனி தள்ளுற நம்ம ஆளுங்கள்ல, சந்தா தண்டம்னு கத்தினது கென்னி ஒருத்தன்தானே?

டுவெய்ன்: வேண்டாம்னு விழுந்ததும் ஒண்ணே ஒண்ணுதான்.

மார்லிஸ்: அப்புறம் எப்படி...

டுவெய்ன்: நம்ம அயோவா மாநிலச் சட்டம் அப்படி. ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல இருந்தா பத்தாது. வேலை பாக்குற எல்லாருலயும் பாதிக்கு மேல ‘வேணும்’னு போடணும். போடாம சும்மா இருந்தா... அதுவும் ‘வேண்டாம்’தான்.

மார்லிஸ்: இது என்ன கூத்து! ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வராதவனெல்லாம் சாமியே இல்லன்னு சொன்ன மாதிரில்ல இருக்கு!

டுவெய்ன்: காபி ஆறுது, குடி.

மார்லிஸ்: காபி கெடக்கட்டும். திங்கக்கிழமை எனக்கு விசாரணை. பாலத்துல வண்டி சறுக்கிக் கைப்பிடிச் சுவர் உடைஞ்சதுக்கு என்னை வேலைய விட்டே தூக்கப் பாக்குறாங்க. சங்கப் பிரதிநிதியா நீதானே பக்கத்துல உக்காரணும்?

டுவெய்ன்: சங்கமே இல்ல, பிரதிநிதி ஏது? இன்னொரு சங்கம் வரணும்னாலும் ரெண்டு வருஷம் ஆகும்.

மார்லிஸ்: சரி, சாட்சியாவாவது வா. பிரேக் பிடிக்கலன்னு நான் முன்னாடியே சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். நீ கூடத்தான் நின்னே.

டுவெய்ன்: ம்... நின்னேன்.

மார்லிஸ்: அதை அங்க வந்து சொல்லு, போதும்.

டுவெய்ன்: பாப்போம்...

மார்லிஸ்: பாப்போமா? இரு, இரு... நான் ஓட்டே போடல டுவெய்ன்.

டுவெய்ன்: தெரியும்.

மார்லிஸ்: நீதானே சொன்னே! ‘விசாரணை இருக்கு, உன் பேரு எதுலயும் அடிபட வேண்டாம், ஒதுங்கியே இரு’ன்னு. ரோஸ்கிட்டயும் அதையேதான் சொன்னே, பென்ஷன் வர்ற நேரம், உனக்கெதுக்கு வம்புன்னு. புதுசா சேந்த பசங்ககிட்டயும்...

டுவெய்ன்: மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க.

மார்லிஸ்: இருக்கட்டும், கேக்கட்டும். சும்மா இருந்தா எந்தக் கணக்குல போகும்னு உனக்கு அப்பவே தெரியுமா?

டுவெய்ன்: காபிக்கு நான் காசு குடுத்துடறேன், வா, வெளிய போயிப் பேசலாம்.

மார்லிஸ்: தெரியுமா, தெரியாதா?

டுவெய்ன்: பிரதிநிதிக்குத் தெரியாம இருக்குமா...

மார்லிஸ்: அடப்பாவி! கென்னியாவது மூஞ்சிக்கு நேரா சொன்னான். நீ எங்க வாயைக் கட்டியே எங்களைக் கவுத்திருக்கே. என்னடா குடுத்தாங்க உனக்கு?

டுவெய்ன்: திங்கக்கிழமை நீ வர்றப்போ... நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பேன் மார்லிஸ். புது சூப்பர்வைசர் நான்தான்.