ஏழு செவப்பு

அங்க வேணாம் தம்பி, ஜன்னலாண்ட குந்துங்க. காத்து வரட்டும். நான் ஏன் மாஸ்க் போட்டிருக்கேன்னா? அத அப்புறம் சொல்றேன்.

லேப்டாப்ப இப்ப தொறக்காதீங்க. அந்த ஏழு பேரையும் மிஷின் தப்பா சொல்லிடிச்சின்னு எழுதத்தானே கம்பெனில அனுப்பியிருக்காங்க? எழுதிட்டா, அந்த மாதிரி இருமல இனிமே கேட்டா நோவு இல்லன்னு பச்ச காட்டும், இல்ல? எல்லா ஊர்லயுமா? அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க.

பத்தொம்போது வருஷமா இந்த சப்-சென்டர்ல நர்ஸு நான். வூடு வூடா போயி, இருமல கேட்டே நோவ சொல்ற உங்க மிஷின் இருக்கற இந்தப் போன நீட்டி, மூணு தடவ இருமுங்கன்னுவேன். டிபி சந்தேகம்னா மறுநாள் செவப்பு வரும், இல்லன்னா பச்ச. மொதல்ல எல்லாம் சிரிச்சாங்க. ஏம்மா, போனுக்கு இருமினா மாத்திர துப்புமான்னு கேட்டாங்க வேலம்மாள். ஆறு மாசமா யாரும் கண்டுபுடிக்காத அவங்க மருமவன் நோவ அதுதான் கண்டுபுடிச்சிச்சி. நல்ல மிஷினு தம்பி. இத மொதல்ல எழுதிக்குங்க.

அந்த ஏழு பேரா? வரேன். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள எரநூறு பேர முடிக்கணும். ஏழு பேர் பாக்கி. தங்கவேல் சேதராப்பட்டு கம்பெனில டபுள் ஷிப்ட்டு, சேவியர் கரும்பு வெட்டப் போயிட்டாரு, மத்தவங்களும் ஊர்ல இல்ல. மறுநாள் பாத்தா ஏழும் செவப்பு. சளி டெஸ்ட் எடுத்தா ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. தங்கவேல ரெண்டு வாரம் கம்பெனிக்குள்ள வுடல. இன்னா சிஸ்டரு, உன் போன மொதல்ல ஆஸ்பத்திரில சேருன்னு கத்திட்டுப் போனாரு.

ஊர்ல இல்லாதவங்க எப்படி இருமினாங்கன்னா? நல்லா கேட்டீங்க.

ஆரோக்கியசெல்வி கொழந்த தெரியுமா? எட்டு மாசம். பொறந்ததுலேர்ந்து எட போட, ஊசி போட இங்கதான் தூக்கினு வருவா. அழுதா என் தோள்ல போட்டுப்பேன், தூங்கிடுவான். இப்ப பெரிய ஆஸ்பத்திரில கெடக்கறான். டிபி, மூளைக்கு ஏறிடிச்சி. வூட்ல யாரு இருமறாங்கன்னு டாக்டர் கேட்டாங்களாம். போன வாரம் நாலு பேருக்கும் நான்தான் போன நீட்டினேன். நாலும் பச்ச. சளி டெஸ்ட்லயும் ஒண்ணுமில்ல. அதுவும் சரியாதான் சொல்லிச்சி பாருங்க.

ஜன்னல மூடாதீங்க தம்பி, சாரல் அடிச்சா அடிக்கட்டும்.

அந்த ஏழு பேரும் போனுக்கு இருமவே இல்ல. இதே நாற்காலில குந்திக்கினு ஏழு பேருக்கும் நானே இருமினேன். பக்கத்து செங்கச் சூளைப் பொகைக்கு கொஞ்சம் இருமறேன், மத்தபடி எனக்கு இன்னா, எல்லாம் பச்சயா வரும்னு நெனச்சேன். செவப்பு வந்ததும், என்னயே டிபிங்குது, மிஷின் கெட்டுப்போச்சின்னு வுட்டுட்டேன். அஞ்சு மாசம். முந்தாநாள்தான் என் சளிய குடுத்தேன். ரிசல்ட்டு அந்த மேசமேல இருக்குது, எடுத்துப் பாருங்க.

இப்ப தொறங்க. ஏழு பேர அடிச்சிட்டு ஒரே பேரா, என் பேரா போடுங்க. விஜயகுமாரி, வயசு நாப்பத்தேழு.

காலைலகூட ஆரோக்கியசெல்வி போன் பண்ணா தம்பி. சிஸ்டர், ஒரே ஒரு தடவ வந்து அவன தோள்ல போட்டுக்குங்க, கண்ணு தொறப்பான்னு.