அல்லிமுத்து காத்திருந்த இடம்

பூந்தமல்லியை நடந்து பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே வந்துவிட வேண்டும், மேடம். வெயில் ஏறிவிட்டால் பழைய சந்தைத் தெருவில் ஒதுங்க நிழல் கிடையாது. என் ஒலிப்பதிவின் முதல் வாக்கியமே அதுதான்: தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்காதீர்கள். வருகிறவர்களின் நலத்தில் எனக்கு எப்போதும் அக்கறை உண்டு. நீங்கள் எழுதிக்கொண்டே கேளுங்கள், நான் மெதுவாகச் சொல்கிறேன்.

நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். இரும்புப் பாகத்தை அளந்து பார்த்து, சரி அல்லது தள்ளு என்று முத்திரை வைப்பது வேலை. அங்கே பேச்சுக்கு அவசியமில்லை, பேசினாலும் இயந்திரச் சத்தத்தில் கேட்காது. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பூந்தமல்லிக்கு வந்தோம். இனி வீட்டிலாவது ஆற அமரப் பேசலாம் என்று நினைத்தேன். என் மனைவி ரேணுகா, "உங்க குரலைக் கேட்டாலே எனக்குக் கண்ணு சொக்குதுங்க" என்பாள். குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தூங்கிவிடுவாள்.

பிறகு மகள் பவித்ரா எங்களை இங்கிலாந்துக்கு அழைத்தாள். அவள் இருப்பது ஒரு பழைய சந்தை ஊர். நம் திருமழிசை அளவுகூட இருக்காது. ஆனால் மூலைக்கு மூலை பித்தளைப் பலகை. வழிகாட்டி ஆள் கிடையாது. கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள், அவரவர் பாட்டுக்கு நடந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெண்ணெய் விற்ற மண்டபம், கம்பளி நிறுத்த தராசு, ஒரு விடுதி. அந்த விடுதிப் பலகையில், ஒரு ராணி இங்கே ஓர் இரவு தங்கியதாகச் சொல்லப்படுகிறது என்று எழுதியிருந்தது. யார் சொன்னது என்று போடவில்லை. அதன் எதிரில்தான் கூட்டம் அதிகம். அந்த 'சொல்லப்படுகிறது' என்கிற வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது, மேடம். எவ்வளவு மரியாதையான வார்த்தை.

ஊர் திரும்பியதும் நம் சந்தைக்கு அதே மாதிரி ஒரு நடை தயாரித்தேன். நகராட்சியில் அனுமதி வாங்கினேன். கோயில் தெரு, கண்டோன்மென்ட் பக்கம், மாட்டுச் சந்தை கூடிய திடல் என்று இடத்துக்கு இடம் ஒரு சதுரக் குறியீடு ஒட்டினேன். போனில் அதைப் படம் பிடித்தால் என் குரல் பேசும். கவுன்சிலர் வந்து ரிப்பன் வெட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காதில் ஒயரோடு இளைஞர்கள் வந்தார்கள். நான் 'இடப்பக்கம் திரும்புங்கள்' என்றால் திரும்பினார்கள். 'சற்று நில்லுங்கள்' என்றால் நின்றார்கள். ஒருவரும் தூங்கவில்லை.

நடையின் கடைசி இடம், சந்தைக்குப் பின்னால் இருக்கிற பழைய தானியக் கிடங்கு. அதன் முற்றத்தில் ஒரு செங்கல் வளைவும், அதற்கு எதிரே சில அடி தள்ளி, தரையோடு தரையாக ஒரு கிணறும் உண்டு. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, இரும்புக் கம்பி மூடிதான். அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. நடந்து களைத்து வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. எனவே அல்லிமுத்துவைச் சொன்னேன். மல்லிகை வியாபாரியின் மகள். வெள்ளிக்கிழமைதோறும் பூ வாங்க வந்த ஒரு வெள்ளைக்கார லெப்டினென்ட். அவனுக்கு மாற்றல் உத்தரவு வந்ததும், திரும்பி வருவான் என்று அந்த வளைவுக்குக் கீழேயே காத்திருந்து உயிரை விட்டதாகச் சொல்லப்படுகிறது. வளைவின் உச்சியில் பூச்சு பெயர்ந்த ஒரு தடம் உண்டு. அது அவள் உள்ளங்கை.

பெண்கள் அழுதார்கள், மேடம். காதலர்கள் வந்து பூ வைத்தார்கள். ஒரு ஜோடி அங்கேயே மோதிரம் மாற்றிக்கொண்டது. வாசலில் பூ விற்கிற கெங்கம்மாள் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரு, அந்தப் பொண்ணு பேர சொல்லிகினு தெனம் நாலு மொழம் கூட போவுது. நீ நல்லாருப்பே நைனா" என்றாள். வெள்ளிக்கிழமைகளில் வளைவுக்குக் கற்பூரமும் ஏற்ற ஆரம்பித்தாள். ஒரு பொய்க்கு யாராவது கற்பூரம் ஏற்றுவார்களா?

மைதிலி வந்தது ஆடி மாதத்தில். கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறவர். மிகவும் நல்ல பெண்மணி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நடையை முடித்துவிட்டு என் வீட்டு விலாசம் விசாரித்து வந்தார். ரேணுகா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "சார், அல்லிமுத்து கதைக்கு என்ன சான்று?" என்று கேட்டார்.

"ஊர்ல சொல்றாங்கம்மா."

"யார் சொல்றாங்க? நான் சந்தைல எல்லாரையும் கேட்டேன். உங்க ரெக்கார்டிங்ல கேட்டோம்னு சொல்றாங்க."

அந்தக் கிடங்கு வெள்ளைக்காரப் பட்டாளம் போன பிறகு கட்டியது என்றார். அங்கே நெல் குத்திய பெண்கள் கூலிக்காக வேலையை நிறுத்திவிட்டுக் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். ஆவணக் காப்பகத்தில் அதற்குச் சான்று இருக்கிறதாம். "அவங்க பேர்கூடக் கெடைச்சிருக்கு சார். இது உங்க கதையவிட நல்ல கதை. சேர்ந்தே எழுதலாம், உங்க பேரையும் போடலாம்" என்றார்.

நெல் குத்தியவளுக்கு யார் மல்லிகை வைப்பார்கள்? நான் அதைச் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். அவர் எழுந்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி நடக்குறேன் சார். மாத்தியிருந்தீங்கன்னா விஷயம் நமக்குள்ளயே முடிஞ்சிடும். இல்லன்னா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அந்தப் பரிதாபம் இல்லாமல் அவர் கோபமாகப் பேசியிருந்தால், நானும் கோபமாக ஏதாவது பேசி, எல்லாம் அத்தோடு போயிருக்கும் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

அவர் கேட்டபடியே மாற்றினேன். அல்லிமுத்துவை முழுக்க எடுத்துவிட்டு, நெல் குத்திய பெண்களைச் சேர்த்தேன். என் குரலில் அவர்கள்கூட நன்றாகத்தான் இருந்தார்கள். கடைசியில் மட்டும், 'வளைவின் உச்சியிலுள்ள தடத்தை முழுமையாகக் காண, அண்ணாந்து பார்த்தபடியே பின்னோக்கி மெல்ல நடங்கள். இன்னும் சற்று. இன்னும்' என்று சேர்த்தேன்.

கிணற்று மூடியின் பூட்டுச் சாவியும் கிடங்குக் கதவின் சாவியும் நகராட்சி என்னிடம்தான் கொடுத்திருந்தது. மூடி துருப்பிடித்திருந்தது உண்மை. வெல்டிங் பட்டறைக்கு அனுப்பினேன். குப்பை விழக் கூடாதே என்று கிணற்றின் மேல் பச்சைத் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் கொஞ்சம் மண் தூவினேன். வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக, மைதிலி வரும்வரை கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். அவர் வந்ததும் நானே திறந்துவிட்டு, "மாத்திட்டேம்மா. தனியாவே கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. நான் வெளியே நின்றுகொண்டேன்.

நான் அவரைத் தள்ளவில்லை, மேடம். அது தானாக நடந்து பார்க்கிற நடை. வழிதான் நான் சொன்னேன்.

விழுந்ததும் இறக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் கால் முறிந்துவிட்டது, போனும் தண்ணீருக்குள் போய்விட்டது. கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவர் கூப்பிட்டது தெருவுக்குக் கேட்கவில்லை. நான் கிணற்றோரம் போய் உட்கார்ந்தேன். "சார், கயிறு போடுங்க சார்" என்றார். அப்போதும் 'சார்' போட்டார். அல்லிமுத்து அங்கே இருந்தாளா இல்லையா என்று மட்டும் கேட்டேன். "இருந்தா சார், இருந்தா. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. என் பையன் ஸ்கூல்ல படிக்கிறான் சார்" என்றார்.

கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் யோசித்தேன். பயத்தில் ஒருவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலே வந்ததும் மாற்றிச் சொல்லலாம். தர ஆய்வில் இதற்கு ஒரு முத்திரைதான் உண்டு.

அப்போது கெங்கம்மாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "இன்னா சாரு, தனியா பேசிகினு கீறே?" என்றாள். "ஒத்திகைம்மா" என்றேன். "பேசு, பேசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தார்ப்பாயை மறுபடியும் இழுத்துக் கல் வைத்தேன். வீட்டுக்குப் போய், சாப்பிட உட்காரும் முன்பே பின்னோக்கி நடக்கச் சொன்ன வரிகளை நீக்கினேன். வேறு யாருக்காவது அடிபட்டுவிட்டால் என்ன ஆவது? அல்லிமுத்துவையும் திரும்பச் சேர்த்தேன்.

மறுநாள் மூடி பட்டறையிலிருந்து வந்தது. பூட்டுவதற்கு முன் ஒரு முறை மைதிலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மிக மெல்லிதாக ஏதோ கேட்டது. தவளையாக இருக்கலாம். பூட்டினேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் கணவர் தேடி வந்தது, கெங்கம்மாள் நான் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னது, கிணற்றிலிருந்து எடுத்த போனில் அந்தப் பழைய பதிவு அப்படியே தங்கியிருந்தது. நேற்று இந்த அறையில் அதைப் போட்டுக் காட்டினீர்கள். 'இன்னும் சற்று, இன்னும்.' ஏட்டு இருதயராஜ்கூடக் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பதிவு தெளிவாக இருந்தது இல்லையா?

இப்போது நீங்கள் வாசித்துக் காட்டியதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. திட்டமிட்டேன், வரவழைத்தேன், உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தே மூடினேன், கொன்றேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில், 'அல்லிமுத்து என்ற கற்பனைப் பெண்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த 'கற்பனை'யை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். சான்று இல்லாமல் ஒரு மனிதனைப் பொய்யன் என்று எழுதக் கூடாது.