வெள்ளைக் கொடிப் பாத்தி

ஹலோ… ஹலோ, அம்மா? நான்தான், இளமதி… ஆங், சிதம்பரத்துலேர்ந்துதான். ஆஸ்டல் வாசல்ல நிக்கிறேன்… மோட்டாரக் கொஞ்சம் நிறுத்தும்மா, ஒண்ணும் கேக்கல… ஆங், இப்ப கேக்குது.

சாப்பாடெல்லாம் அப்பறம். ஒண்ணு கேப்பேன், உள்ளதச் சொல்லணும். நம்ம கொல்லையில என் படிப்பு ஆராய்ச்சிக்குன்னு மல்லாட்ட போட்டிருக்கேன்ல? அதுல வெள்ளத் துணிக் கொடி நட்ட பாத்திக்கும் காயி புடிக்கற மருந்த அடிச்சியா?…

கோவப்படல. கேக்கறேன்… அடிச்சியா இல்லியா?…

மீந்துதா? மீந்தா கேன்லயே வெய்யின்னுதான சொன்னேன்… ஒரு தடவதானா?… மொதல்லேர்ந்தேவா? செவப்புக் கொடிப் பாத்திக்கு அடிக்கறப்பல்லாம் இதுக்கும் சேத்து அடிச்சிருக்க… ஐயோ, அம்மா.

இரு. நீ கொஞ்சம் பேசாம இரு. இன்னிக்கி காலேஜில தட்சிணாமூர்த்தி சாரு கூப்ட்டு வெச்சி கேட்டாரு. ரெண்டு பாத்தியிலயும் கடலச் செடியப் புடுங்கி எண்ணுனா காயி ஒண்ணாத்தான் இருக்குது, உன் மருந்து வேல செய்யல, இத வெச்சி என்னா எழுதப் போறன்னாரு. நானும் மண்ணு மேல பழியப் போட்டு, வெத மேல பழியப் போட்டு என்னென்னமோ ஒளறிட்டு வரேன்…

ஆமா, வாடித்தான் நிக்கும்… ஆமா, ஆமா, பாவமாத்தான் இருக்கும்… பந்தி வஞ்சனையா? செடிக்கு என்னாம்மா பந்தி வஞ்சனை?… சரி, ஒரே பந்தியில ஒக்காந்தவனுக்கு நெய்யி ஊத்தாம தாண்டிப் போனா பாவந்தான். அது மனுசனுக்கு… பக்கத்துக் கொல்லை மங்கலம் அத்தை கேட்டாங்களா? "பாதிக் கொல்லைய ஏன்டி பட்டினி போட்ட"ன்னா, என் மவ சொல்லியிருக்குதுன்னு சொல்ல வேண்டிதான…

சரி, உன் பந்தியவே எடுத்துக்க. நெய்யி தின்னா ஒடம்பு வெக்கும்ங்கறாங்க. நெசமான்னு எப்பிடிப் பாப்ப? ரெண்டு பேர ஒக்கார வெக்கணும். ஒரே எல, ஒரே சோறு, ஒரே கொழம்பு. நெய்ய மட்டும் ஒருத்தனுக்கு ஊத்தி, ஒருத்தனுக்கு ஊத்தாம வுடணும். அப்பதான இவன் பெருத்தது நெய்யாலன்னு சொல்ல முடியும்? ரெண்டு பேருக்கும் ஊத்திட்டா எத எதோட பாக்கறது?…

ம்… ம்… ஆமா, அதேதான். வெத ஒண்ணு, தண்ணி ஒண்ணு, கள எடுக்கற நாளு ஒண்ணு. மருந்து மட்டுந்தான் வேற. அதான் வெள்ளக் கொடிக்கு வெறுந்தண்ணி அடிக்கச் சொன்னேன்… ஏன்னா? எல மேல பட்ட ஈரத்தாலயே காய்ச்சிதுன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாதுல்ல… அந்தத் தண்ணியிலதான் மருந்தக் கலந்தியா. நல்லது. ரொம்பப் புண்ணியம்.

வெள்ளையும் செவப்புமா நாலு எடத்துல மாத்தி மாத்திப் போட்டேனே, நாலுலயுமா?… ஒரு எடத்து மண்ணு நல்லாருந்து ஏமாந்துடக் கூடாதுன்னுதான் அப்பிடிப் பிரிச்சேன். அந்தப் பனமரத்துக்கிட்ட இருக்கறதயாவது வுட்டு வெச்சியா?… அதுக்கு ஜாஸ்தியா? அது ரொம்ப வாடியிருந்துச்சா. செரி.

…என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு…

வெள்ளக் கொடியில கம்மியா காய்ச்சிதுன்னு நானே எழுதிக்கறதா… யாருக்குத் தெரியும்ங்கறியா? எனக்குத் தெரியும்லம்மா.

அப்பாவ மறந்துட்டியா நீ? உரக் கடக்காரரு குடுத்த டானிக்க செடிக்கு அடிச்சாரு, அந்த வருசம் மூட்ட மூட்டயா ஏறிச்சி. எல்லாம் டானிக்குதான்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அந்த வருசம் மழ நல்லா பேஞ்சிது, அத ஒருத்தரும் நெனைக்கல. ஒரே ஒரு பாத்திய டானிக்கு இல்லாம வுட்டிருந்தாருன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். மறு வருசம் ஊரான் கொல்லையெல்லாம் குத்தகைக்குப் புடிச்சி அதே டானிக்க அடிச்சாரு. மழ ஏமாத்திடுச்சி. அதோட படுத்தவருதான், எழுந்திரிக்கவேயில்ல…

அழுவாத. குத்திக் காட்டலம்மா… நான் பொய் எழுதி வெச்சா, அத நம்பி அண்ணாகிராமத்துல இன்னொருத்தரு வாங்கி அடிப்பாரு. அவுரு வூட்லயும் ஒரு பொண்ணு இருக்கும்ல?

தெரியும்… தெரியும்மா. மார்கழிப் பட்டத்துல மறுபடி வெதைக்கணும், சித்திரையிலதான் புடுங்க முடியும். தையில கல்யாணம், அதுவும் தெரியும். தாலி கட்டுன கையோட மாப்ளகூட மஸ்கட்டுக்குப் போவணும், அதுவும் தெரியும். அதுக்குன்னு படிப்ப பாதியில வுட்டுட்டு ஏறச் சொல்றியா?… பின்ன என்னா பண்றது, நீயே சொல்லு…

வேணாம். முதுநகருக்கு, மாப்ள வூட்டுக்கு நீ போன் பண்ணாத. எல்லாம் என்னாலதான் சம்மந்தின்னு அவுங்ககிட்ட அழுவப் போற… தப்பு பண்ணதான், யாரு இல்லன்னா? வந்து உன்கிட்ட நாலு நாளைக்கி சண்ட போடுவேன். ஆனா அவுங்ககிட்ட நீ தல குனியக் கூடாது. மாப்ளகிட்ட, செம்பியன்கிட்ட நானே பேசறேன்… புடிச்சிருக்கும்மா. புடிக்கலன்னு எப்ப சொன்னேன்? புடிச்சிருக்கறதாலதான் நானே பேசறேங்கறேன்.

வைகாசி வரைக்கும் இருங்கன்னு கேப்பேன். இருக்கேன்னாருன்னா சந்தோசம்…

மாட்டேன்னாருன்னா? அதுவும் ரிசல்ட்டுதாம்மா. தாலி கட்டறதுக்கு முன்னாடியே வந்துடுச்சின்னு வெச்சிக்க வேண்டிதான்…

ம்… ம்… போன்ல காசு தீரப் போவுது, டொய்ங் டொய்ங்குன்னு கத்துது… சாப்ட்டேன்… இல்லம்மா, சாப்புடல. நீ வெச்சிடு.