குருக்கள்மடத்து ரெயில் சீல்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். எனக்கு முன்னால் இருந்த கண்ணாடிக்காரப் பெரியவரின் மடியில் ஓர் அல்பம். பழைய ரசீதுகளிலிருந்து கழற்றிய வருமான முத்திரைகள். எல்லாவற்றின் மேலும் ரெயில்வே சீல். ஸ்டேசனுக்கொரு பக்கமாக ஒட்டியிருந்தார். பக்கத்திலிருந்த இளைஞர் புதிதாக ஒன்றை விற்க நீட்டினார்.

"இப்ப தாண்டி வந்த குருக்கள்மடத்துக்கு ரெயில் வந்தது எனக்குத் தெரியாமப் போச்சே, தம்பி."

"சீல்ல அப்படித்தானே கிடக்கு, அண்ணன்."

"தண்டவாளம் வாவிக்கு அங்கால, மட்டக்களப்போட முடிஞ்சிரும்."

"வெள்ளைக்காரன்ட காலத்தில இருந்திருக்கும். புறகு கழட்டியிருப்பாங்க."

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. கண்ணாடிக்காரர் வாவியைப் பார்த்தார்.

"இதால ரெயில் எப்படி வந்தது, தோணியிலயா?"

பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்துச் சீலைப் பார்த்தார்.

"இங்கிலீசு ஏ எழுத்தில குறுக்குக் கோடு பாதிதான் விழுந்திருக்கு."

"இது வேணாமெண்டா விடுங்க. முதல் தந்த மட்டக்களப்பு சீல் நல்லதுதானே."

பெரியவர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"இதிலயும் பாதிக் கோடுதான். ரெண்டு ஸ்டேசனிலயும் ஒரே எழுத்தா உடைஞ்சது?"

"எனக்கென்னண்டு தெரியும், அண்ணன். நானும் ஒராள்ட்ட வாங்கினதுதான்."

பாலம் முடிந்ததும் இளைஞர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பெரியவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரிங்க தம்பி. உங்ககிட்ட வாங்கினது இன்னும் பதினொரு பக்கம் கிடக்கு."